ஜிம்மிக்கும் முழங்கால் வலி

நம் சங்கத்துக் குடும்பங்களில் நாய் வந்து சேர்ந்த கதை ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் ஏழாவது, எட்டாவது படிக்கும்போது அடம் பிடித்துக் கேட்டிருப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் இடம் போதாது என்பதால் பொமரேனியன், பக், டேஷ்ஹண்ட் என்று சின்ன ஜாதியாகப் பார்த்து வாங்கியிருப்போம். பிறகு பிள்ளைகள் படிப்பு, வேலை என்று பெங்களூருக்கும் புனேக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். நாய் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. இப்போது அதற்கும் பத்து, பன்னிரண்டு வயது ஆகிறது. காலையில் எழுந்திருக்கும்போது நமக்கு முழங்கால் பிடித்துக்கொள்வது போல அதற்கும் பிடித்துக்கொள்கிறது. நமக்காவது "அப்பாடா, அம்மாடி" என்று சொல்லிக்கொண்டு உட்காரத் தெரியும்.

எங்கள் ஜிம்மி பொமரேனியன். பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. தில்லி மயூர் விஹாரில், லிஃப்ட் இல்லாத டி.டி.ஏ. குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். இரண்டு குளிர்காலமாக அவனுடைய மூட்டுவலியோடு குடித்தனம் செய்ததில் தெரிந்துகொண்டதையும், எங்கள் கால்நடை டாக்டரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். பொங்கல் விழாவில் பார்த்தபோது மூன்று பேர் இதே விஷயத்தைக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

பெரிய நாய் நொண்டினால் தெருவே பார்த்துச் சொல்லிவிடும். சின்ன நாய் விஷயம் வேறு. சோபாவில் ஏறத் தயங்கினால் நாம் தூக்கி வைத்துவிடுகிறோம். மாடிப்படியில் நின்றால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். நாள் முழுவதும் யாராவது ஒருவர் மடியில் கிடக்கிறது. அதனால் அதன் வலி நம் கைகளுக்குள்ளேயே மறைந்துபோகிறது. போதாக்குறைக்கு நாய்கள் வலியைக் கத்திச் சொல்வதில்லை. "கத்தவில்லையே, அப்போது வலி இருக்காது" என்று நினைப்பது பெரிய தவறு. இத்தனை நாள் கூடவே இருந்து பழகிய வலிக்குக் கத்தும் நாய் அபூர்வம்.

வேறு எப்படித்தான் தெரியும்? தூங்கி எழுந்ததும் நாலு எட்டு விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் தாவும். உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். ஒரே மூட்டை விடாமல் நக்கி அந்த இடத்தில் வெள்ளை ரோமம் பழுப்பாகிவிடும். வாசல் மணி அடித்தால் முன்பு ஓடிவந்து குலைத்தது இப்போது படுத்த இடத்திலிருந்தே குலைக்கும். சீப்பு வைத்து இடுப்புப் பக்கம் வாரினால் உறுமும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கினால் கடிக்க வரும். கடைசியாகச் சொன்ன இரண்டையும் பார்த்து "வயசாயிடுச்சு, சிடுசிடுப்பு வந்துடுச்சு" என்று சொல்லிவிடுவோம். எந்நேரமும் தூங்குகிறது என்றாலும் அதே பதில்தான். வயது என்று நாம் தள்ளிவிடுவதில் பாதி வலியாக இருக்கக்கூடும், அந்தப் பாதிக்குச் செய்ய நிறைய இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. சுற்றிலும் ஒரு பை, அதற்குள் எண்ணெய் போல ஒரு திரவம். குருத்தெலும்பு தேயத் தேய, அடியிலுள்ள எலும்பின் மேல் பாரம் இறங்குகிறது. மூட்டுப் பை வீங்கித் தடிக்கிறது. ஓரங்களில் எலும்பு முள்ளு முள்ளாக வளர்கிறது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலி எடுப்பது எலும்பிலும் பையிலும்தான். ஆகவே வலி தெரிய ஆரம்பிக்கும்போது தேய்மானம் கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்தது திரும்ப வளராது. வலியைக் குறைக்கலாம், மேலும் கெடுவதைத் தள்ளிப்போடலாம்.

பொமரேனியன் போன்ற சின்ன ஜாதிகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரு பூர்வகதை உண்டு. முழங்கால் சில்லு அதன் பள்ளத்திலிருந்து உள்பக்கமாக நழுவிவிடும். நடந்துகொண்டே இருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி, இரண்டு மூன்று எட்டு நொண்டி, காலை ஒரு உதறு உதறி, மறுபடி சாதாரணமாக நடக்கும். குட்டியில் அதைப் பார்த்து எல்லோரும் ரசித்திருப்போம். அந்தச் சில்லு நழுவி நழுவித்தான் வயதான காலத்தில் மூட்டு தேய்ந்து போகிறது.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் நாய் நடப்பதையும், படுக்கையிலிருந்து எழுந்திருப்பதையும், படி ஏறுவதையும் மொபைலில் ஒரு நிமிஷம் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டர் மேஜையில் ஏற்றியவுடன் பயத்தில் எல்லா நாயும் நொண்டுவதை மறந்து நேராக நிற்கும். ஜிம்மியும் அப்படித்தான், ராணுவ அணிவகுப்புக்கு வந்தவன் மாதிரி நின்றான். படத்தைப் பார்த்த பிறகுதான் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

கூடவே ரத்தப் பரிசோதனையும் செய்தார். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். அதுவும் மூட்டுகளை வீங்க வைத்து நொண்ட வைக்கும். அதற்கு வைத்தியமே வேறு. இன்னொன்று, வலி மாத்திரை கொடுப்பதற்கு முன் ஈரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

டேஷ்ஹண்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நேற்றுவரை நடந்த நாய் இன்று திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தாலோ, குடிகாரன் போலத் தள்ளாடினாலோ, சிறுநீர் போக முடியாமல் தவித்தாலோ அது மூட்டுவாதம் இல்லை. முதுகெலும்புத் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே, அந்த மணியிலேயே போக வேண்டும்.

நம் மருந்துப் பெட்டியைப் பூட்டி வையுங்கள்

வயதானவர்கள் இருக்கும் நம் வீடுகளில் எல்லாம் ஒரு மருந்து டப்பா இருக்கும். அதில் க்ரோசின், காம்பிஃப்ளாம், ப்ரூஃபென், வோவெரான் எல்லாம் இருக்கும். நமக்குக் கேட்கிறதே, நாய்க்கும் கால் மாத்திரை கொடுத்தால் என்ன என்று இரக்கப்பட்டுத்தான் கொடுக்கிறார்கள். இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுக்கவே கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 60 கிலோ எடையுள்ள மனிதர் சாப்பிட்டால் கிலோவுக்கு 7 மில்லிகிராம்கூட இல்லை. அதே மாத்திரையை 5 கிலோ நாய் சாப்பிட்டால் கிலோவுக்கு 80 மில்லிகிராம். அதோடு நாயின் உடம்பு இந்த மருந்தை நம்மைப் போலச் சீக்கிரம் வெளியேற்றுவதும் இல்லை. வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், சிறுநீரகம் கெட்டுப்போகும். வீட்டில் பூனையும் இருந்தால் பாரசிட்டமாலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

நாய்களுக்கென்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் வலி மருந்துகளில் மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் இரண்டும் முக்கியமானவை. "மெலாக்ஸிகாம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே" என்று சொல்லாதீர்கள். நாய்க்கு வழக்கமான தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அதாவது 5 கிலோ நாய்க்கு அரை மில்லிகிராம். மனிதர்களின் மாத்திரை 7.5 மில்லிகிராமில் ஆரம்பிக்கிறது. பதினைந்து நாள் மருந்து ஒரே விழுங்கில் போய்விடும். நாய்களுக்கான திரவ மருந்தை எடைக்குத் தக்கபடி ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, சாப்பாட்டோடு கொடுக்கிறோம். எத்தனை நாள், எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாந்தி, சாப்பாடு வேண்டாமென்று திரும்பிப் படுப்பது, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போவது இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

இந்த மெலாக்ஸிகாமுக்கு நம் நாட்டில் இன்னொரு பெருமை உண்டு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்துதான், இறந்த மாடுகளைத் தின்ற கழுகுகளையெல்லாம் லட்சக்கணக்கில் கொன்றது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்திய அரசு தடை செய்தது. அதற்குப் பதிலாக, கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதித்துப் பார்த்துச் சிபாரிசு செய்யப்பட்டது மெலாக்ஸிகாம். ஜடாயுவின் இனத்துக்குப் பாதுகாப்பான மருந்தென்று ஜிம்மியின் பாட்டிலைக் காட்டி என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அமிர்தாஞ்சன், ஐயோடெக்ஸ், தைலம் எதுவும் நாயின் மூட்டில் தடவ வேண்டாம். தடவிய ஐந்தாவது நிமிஷம் அது நக்கிவிடும். அவற்றில் உள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் வயிற்றுக்குள் போனால் விஷம்.

ஒரு மேரி பிஸ்கட்டின் கணக்கு

மருந்தைவிட அதிகமாக ஜிம்மிக்கு உதவியது எடை குறைந்ததுதான் என்பது என் அபிப்பிராயம். டாக்டரும் அதைத்தான் சொல்லுகிறார்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதி நாய்களுக்கு, மற்ற பாதிக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்துச் சாப்பாடு போட்டார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகமாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஏற்கெனவே மூட்டுவாதம் வந்துவிட்ட குண்டு நாய்களும்கூட உடம்பில் ஆறு சதவீதம் இளைத்தாலே நொண்டுவது குறைகிறது என்று வேறொரு ஆராய்ச்சி சொல்லுகிறது. ஏழு கிலோ நாய்க்கு ஆறு சதவீதம் என்றால் 420 கிராம்தான். நமக்கு அது ஒரு கிலோ அரிசியில் பாதிகூட இல்லை. ஆனால் ஏழு கிலோ நாய் 420 கிராம் இளைப்பது 65 கிலோ மனிதர் நாலு கிலோ இளைப்பதற்குச் சமம்.

ஓடியாடாத, ஆறு கிலோ எடையுள்ள வயதான நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. காலைக் காப்பியோடு இரண்டு, மாலைக் காப்பியோடு இரண்டு என்று நாம் அன்பாகப் போடும் நாலு பிஸ்கட்டில் அதன் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல் முடிந்துவிட்டது. இதற்குமேல் நெய் தடவிய சப்பாத்தியும் தயிர் சாதமும் தனி. எங்கள் வீட்டில் பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு, வேகவைத்த பீன்ஸ் என்று மாற்றினோம். முதல் வாரம் ஜிம்மி எங்களை ஏமாற்றுக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு பழகிவிட்டது. பழகாதவர்கள் மனிதர்கள்தான். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள், சௌகிதார், இஸ்திரிக்காரர் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லி ரஸ்க் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. சோபாவும் படியும் இடிக்கிற இடம் போலவே, இதுவும் வீட்டுக்கு வெளியே போய்ச் செய்ய வேண்டிய வைத்தியம்.

எடை பார்க்க, பிள்ளையிடம் அமெரிக்கா போகும்போது பெட்டியின் எடை பார்க்க வாங்கினோமே, அந்தக் கொக்கித் தராசு போதும். அடி தட்டையாக உள்ள காய்கறிப் பையில் ஒரு துண்டை விரித்து நாயை உட்கார வைத்து, தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஜிம்மி 7 கிலோ 200 கிராமிலிருந்து 6 கிலோ 400-க்கு வர ஐந்து மாதமாயிற்று. அவசரப்பட்டுப் பட்டினி போடாதீர்கள்.

ஆட்டுக்கால் சூப் மூட்டுக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார். நமக்கு வைக்கும் சூப்பில் உப்பு, கொழுப்பு, வெங்காயம், பூண்டு எல்லாம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். திராட்சையும் பாயசத்து உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் என்று 2021 முதல் கால்நடை நச்சியல் நிபுணர்கள் கருதுகிறார்கள். நம் புளியிலும் அந்த அமிலம்தான் நிறைய இருக்கிறது. வலி மருந்து சாப்பிடும் நாய்க்குச் சிறுநீரகம் பத்திரமாக இருக்க வேண்டும். ஆகவே "எங்கள் நாய் சாம்பார் சாதம் தவிர எதுவும் தொடாது" என்று பெருமைப்படுகிறவர்கள் இன்றோடு அதை நிறுத்திவிடுவது நல்லது.

சத்து மருந்துகளில் மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அதற்காக நம் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையைப் போடாதீர்கள். அதில் ஏ, டி வைட்டமின்கள் அளவுக்கு மீறிவிடும். குளுக்கோஸமைனுக்கு ஆதாரம் குறைவு, விலை அதிகம். மஞ்சளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சமையலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

எங்கள் டாக்டர் முதல் நாளே, "மாதாஜி, வீட்டில் எந்தெந்த இடத்தில் இவன் வழுக்குகிறான் என்று ஒரு வாரம் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். மருந்துச் சீட்டு வாங்கப் போன இடத்தில் வீட்டுப்பாடம் கிடைத்தது. எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சமையலறை வாசல், சாப்பாட்டுக் கிண்ணம் வைக்கும் மூலை, சோபாவிலிருந்து குதிக்கும் இடம், குளியலறைக்கு முன்னால் இருக்கும் ஈர இடம். மொசைக் தரையில் ஒவ்வொரு தடவையும் கால் அகன்று போகும்போது மூட்டு முறுக்கிக்கொள்கிறது. ஒரு நாளில் அது முப்பது நாற்பது தடவை.

வீடு முழுக்கக் கம்பளம் விரிக்க வேண்டியதில்லை. நாய் நடக்கும் பாதை எப்போதும் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பாதையில் மட்டும் ரப்பர் அடி உள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டோம். மகள் விட்டுவிட்டுப் போன யோகா விரிப்பை நீளவாக்கில் வெட்டிப் போட்டது எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது. பருத்தி ஜமுக்காளம் வேண்டாம். மொசைக்கில் அதுவே நாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். பொமரேனியனுக்கு விரல் இடுக்கில் ரோமம் வளர்ந்து பாதத்தையே மூடிவிடும். அது சாக்ஸ் போட்டுக்கொண்டு மொசைக்கில் நடப்பது போல. மாதம் ஒருமுறை கத்தரித்துவிட வேண்டும். நடை குறைந்த நாய்க்கு நகம் தேய்வதில்லை. நீண்ட நகம் தரையில் முட்டிப் பாதத்தைக் கோணலாக்கும், பாரம் தவறான இடத்தில் விழும். தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சோபாவிலிருந்து குதிப்பதை நிறுத்துவது கஷ்டம். ஏறுவதைவிடக் குதிப்பதுதான் முன்னங்கால் மூட்டுகளுக்குக் கெடுதல். எங்கள் வீட்டில் பழைய மரப்பலகை ஒன்றுக்கு யோகா விரிப்பின் மிச்சத்தை ஒட்டி, சோபாவில் சாய்த்துக் கட்டிவிட்டோம். சரிவு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பத்து நாள் வெள்ளரித் துண்டு காட்டிப் பழக்கினோம்.

மாடிப்படி விஷயத்தில் தயவு தாட்சணியம் வேண்டாம், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தூக்குவதிலும் முறை இருக்கிறது. முன்னங்கால்களின் அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கக் கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில், முதுகு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். உங்களுக்கே முழங்கால் வலி, தூக்க முடியாது என்றால் பழைய வேட்டியை நாலாக மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு படி உள்ள வாசலுக்கு அது போதும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை வாங்கிவிடுங்கள். சின்ன ஜாதிகளுக்குக் கழுத்தை இழுப்பது மூச்சுக்குழாய்க்கும் ஆகாது.

நடையை நிறுத்திவிடாதீர்கள். அசையாத மூட்டு இன்னும் இறுகும், தொடைச் சதை வற்றும், பாரத்தைத் தாங்க ஆளில்லாமல் போகும். பத்துப் பத்து நிமிஷமாக மூன்று வேளை, தினமும் ஒரே அளவு, புல்தரையிலோ மண்ணிலோ நடக்க விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லோதி தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் திங்கட்கிழமை எழுந்திருக்காது.

தில்லிக் குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் மொசைக் தரை ஐஸ் கட்டி. நாய் படுக்கும் இடத்தைக் கதவு இடுக்குக் காற்றுக்கு விலக்கி, அடியில் கோரைப்பாய், அதன்மேல் பஞ்சு மெத்தை என்று போடுகிறோம். இங்குள்ள ரஜாய்க்காரரிடம் சொன்னால் இரண்டடிக்கு இரண்டடி சின்ன மெத்தை தைத்துக் கொடுத்துவிடுவார். பதினொரு மணி வெயிலுக்குப் பால்கனியில் அரை மணி. ராத்திரி படுக்கும் முன் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, நம் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்து, இடுப்பிலும் முழங்காலிலும் பத்து நிமிஷம். ஹீட்டருக்குப் பக்கத்தில் கட்டிப்போடாதீர்கள். வலியுள்ள நாய் சுட்டாலும் எழுந்து நகரச் சோம்பல்படும்.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பிரதோஷம், ஏகாதசியோடு ஜிம்மியின் கணக்கும் இருக்கிறது. தானாக எழுந்து வாசலுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டு, வால் ஆட்டிய நாளுக்கு ஒரு வட்டம். அப்படி இல்லாத நாளுக்கு ஒரு கோடு. இது டாக்டருக்கு மருந்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவுகிறது. மகன் ஃபோனில் "அம்மா, அவன் ரொம்பக் கஷ்டப்படுகிறானா? உண்மையைச் சொல்லு" என்று கேட்கும்போதும் நான் காலண்டரைப் பார்த்துத்தான் பதில் சொல்லுகிறேன். போன நவம்பரில் வட்டம் 13. இந்த நவம்பரில் 24. எல்லா வைத்தியமும் செய்தும் வாரக்கணக்கில் கோடுகளே அதிகம் என்ற நிலை ஒரு நாள் வரலாம். அன்றைக்கு டாக்டரோடு உட்கார்ந்து வேறொரு பேச்சுப் பேச வேண்டியிருக்கும். அதை நான் தள்ளிவைக்க மாட்டேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் தொலைவில் இருக்கும்போது இது இன்னும் அவசியம்.

கடைசியாக ஊருக்குப் போகும் பிரச்சினை. ரயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பேர் அறையோ நாலு பேர் அறையோ முழுவதும் நமக்கே கிடைத்தால்தான் நாயைக் கூட அழைத்துப் போகலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் போட வேண்டும். தில்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ஆட்டத்தில் இரும்புத் தரையில் மூட்டுவலி நாயைப் போட எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம், காரியம் என்றால் ஜிம்மியை எதிர்வீட்டில் விட்டுப் போகிறோம். அவனுடைய மெத்தை, கிண்ணம், இரண்டு மிதியடி எல்லாம் அவனோடு போகும். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்ட ஹிந்தியில் ஒரு தாளும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருந்து எத்தனை கோடு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, டாக்டர் நம்பர், எதெது கொடுக்கக் கூடாது என்ற பட்டியல், வாந்தி எடுத்தால் மருந்தை நிறுத்தவும், சோபாவில் ஏற்றினால் இறக்கியும் விடவும், தூக்கும்போது இரண்டு கைகளாலும் தூக்கவும்.